‘மலபார்’ என்று எழுதப்பட்டவர் யார்? வழக்கொழிந்த ஓர் ஆங்கிலச் சொல்லைப் பழைய ஆவணங்களில் படிக்கும் முறை

திருகோணமலையில் குடும்ப வரலாற்றையோ ஊர் வரலாற்றையோ தேடத் தொடங்குபவர்கள் வெகுவிரைவில் ஆங்கில ஆவணங்களிடம் போய்ச் சேர்கிறார்கள். அங்கே அவர்களை முதலில் தடுமாற வைக்கும் சொற்களில் ஒன்று ‘மலபார்’. ‘மலபார் குடிகள்’, ‘மலபார் மொழி’, ‘மலபார் எழுத்து’ என்றெல்லாம் அது வரும். இன்றைய அகராதியைப் புரட்டினால் கேரளத்தின் கடற்கரையைக் காட்டும் இடப்பெயர் என்ற விளக்கம்தான் கிடைக்கும். அதை அப்படியே எடுத்துக்கொண்டு, நம் முன்னோர் கேரளத்திலிருந்து வந்தவர்கள் என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. கிழக்கில் வாழும் தமிழர் அனைவரும் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில் கொண்டுவந்து குடியேற்றப்பட்டவர்கள் என்று வாதிடுவதற்கு இதே சொல்லைச் சான்றாகக் காட்டியவர்களும் உண்டு. இரு சாராரும் செய்திருப்பது ஒரே பிழைதான். இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதியவரின் சொல்லை அவர் கொண்ட பொருளில் படிக்காமல், நமக்குத் தெரிந்த பொருளில் படித்துவிட்டார்கள்.

வழக்கொழிந்த ஆங்கிலச் சொல் எதை எதிர்கொண்டாலும் பின்பற்றத்தக்க ஒரு தேடல் முறையை, இந்த ஒரு சொல்லையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன். இம்முறைக்குப் பெரிய ஆங்கிலப் புலமை தேவையில்லை; பொறுமையும், ஆண்டுகளை விடாமல் குறித்துவைக்கும் பழக்கமும் போதும்.

முதலில் வரியை முழுமையாக எழுதிக்கொள்ளுங்கள்

சொல்லை மட்டும் பிய்த்தெடுத்துக்கொண்டு அகராதியிடம் ஓடக் கூடாது. அது வரும் வாக்கியத்தையும், அதற்கு முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களையும், எழுத்துக்கூட்டலை மாற்றாமல் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அதன் கீழே ஆவணத்தின் ஆண்டு, எழுதியவர் அல்லது எழுதுவித்தவர், எந்த ஊரில் எழுதப்பட்டது, எந்த மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது என்ற நான்கையும் குறியுங்கள். நான்காவதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். திருகோணமலைக் கோட்டை 1639 இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தருக்கும், 1795 இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும் கைமாறியது. இடையில், 1782 இல், ஒரே ஆண்டுக்குள் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அதனை மாறிமாறிப் பிடித்தார்கள். ஆகவே நம் ஊர் பற்றிய பழைய ஆங்கிலத் தாள் பல வேளைகளில் ஒல்லாந்த மூலத்தின் மொழிபெயர்ப்பாக இருக்கும். அந்த ஒல்லாந்தச் சொல்லோ போர்த்துக்கேயரிடமிருந்து வாங்கப்பட்டதாக இருக்கும். ‘மலபார்’ ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்ததும் இந்த வழியில்தான்.

எழுத்துக்கூட்டல் விடயத்தில் தாராள மனம் வேண்டும். ‘எல்’ எழுத்து இரட்டித்தும், ‘பி’ வரவேண்டிய இடத்தில் ‘வி’ அல்லது ‘யூ’ வந்தும் இச்சொல் காணப்படும். ‘தமிழ்’ என்பதும் அக்கால ஆங்கிலத்தில் ‘தமுல்’, ‘தமுலியன்’, ‘டமுலியன்’ என்று பலவாறு எழுதப்பட்டது. 1800 அளவுவரை அச்சிடப்பட்ட ஆங்கில நூல்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் ‘எஸ்’ எழுத்து நீண்ட வடிவில், ஏறக்குறைய ‘எஃப்’ போலவே அச்சிடப்பட்டிருக்கும். குறுக்குக் கோடு மட்டும் தண்டின் வலப்புறத்தில் இராது. கணினியால் வாசிக்கப்பட்ட பிரதிகளில் ‘கோஸ்ட்’ என்ற சொல் ‘கோஃப்ட்’ என்று பதிவாகியிருப்பது இதனால்தான். தேடுபெட்டியில் சரியான எழுத்துக்கூட்டலை மட்டும் இட்டுப் பார்த்து, எதுவும் கிடைக்கவில்லை என்று கைவிட்டுவிடாதீர்கள். தவறாக வாசிக்கப்பட்டிருக்கக்கூடிய வடிவங்களையும் இட்டுப் பாருங்கள்.

எந்த அகராதி, எந்த வரிசையில்

சொற்களின் வரலாற்றுக்கென்றே தொகுக்கப்பட்ட அகராதிகளைத்தான் முதலில் நாட வேண்டும். 1884 இல் முதற்பகுதி வெளிவந்து 1928 இல் நிறைவெய்திய ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதி, ஒவ்வொரு பொருளுக்கும் அது எழுத்தில் காணப்பட்ட ஆண்டுகளோடு மேற்கோள்களைத் தருகிறது. வழக்கொழிந்தவற்றுக்குக் குத்துவாள் வடிவில் ஓர் அடையாளம் இடுவது அதன் மரபு. அந்த அடையாளம் சொல் முழுவதற்கும் இடப்பட்டிருக்கிறதா, ஒரு பொருளுக்கு மட்டுமா என்பதைக் கூர்ந்து பாருங்கள். ஒரு சொல் உயிரோடு இருக்கும்போதே அதன் பொருள்களில் ஒன்று இறந்துபோகலாம், அத்தகைய சொற்கள்தான் வாசகரை மிகவும் ஏமாற்றும். முழுவதும் மறைந்துபோன சொல்லைக் கண்டால் நாம் ஐயப்பட்டு அகராதியைத் தேடுவோம். பாதி மறைந்த சொல்லையோ தெரிந்த சொல் என்று நம்பிக் கடந்துவிடுவோம். ‘மலபார்’ இடப்பெயராக இன்றும் வழங்குகிறது. தமிழரையும் தமிழ் மொழியையும் குறித்த அதன் பொருள்தான் ஆங்கிலத்தில் வழக்கொழிந்தது.

அடுத்ததாக யூல், பர்னல் ஆகிய இருவரும் தொகுத்து 1886 இல் வெளியிட்ட ‘ஹொப்சன்-ஜொப்சன்’. கீழைநாடுகளில் ஆங்கிலேயர் கையாண்ட சொற்களுக்கென்றே எழுந்த அகராதி இது. 1903 இல் குரூக் விரித்துப் பதிப்பித்தார். சிக்காகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்திலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் இதனைக் கட்டணமின்றிப் படிக்கலாம். ‘மலபார்’ என்ற பதிவின் கீழ், இடப்பெயராக அச்சொல் வழங்கியதும், போர்த்துக்கேயர் அதனைத் தமிழ் மொழிக்கும் தமிழ் பேசும் மக்களுக்கும் ஏற்றிச் சொன்னதும் தனித்தனியே காட்டப்பட்டிருக்கின்றன. நம் ஆவணங்களில் வரும் கச்சேரி, தோணி, சங்கு, தண்டல், துபாஷி போன்ற சொற்களின் ஆங்கில வடிவங்களுக்கும் இதுவே முதற்கைநூல். ஆனால் அவற்றின் தமிழ் மூலத்தை இதன் சொல்லை மட்டும் நம்பி ஏற்காமல், 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

மூன்றாவது வகை, அந்தந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட அகராதிகள். என் மனத்துக்கு மிக நெருக்கமான சான்று இவற்றில் ஒன்றில்தான் இருக்கிறது. 1779 இல் சென்னையை அடுத்த வேப்பேரியில் ஜெர்மன் பாதிரிமாரான பப்ரிசியசும் பிரைட்ஹவுப்டும் அச்சிட்ட அகராதியின் முகப்புத் தாளைத் திறந்து பாருங்கள். அதன் பெயரே ‘மலபார்-ஆங்கில அகராதி’. பெயரின் கீழே, தமுலியன் மொழியின் சொற்களும் தொடர்களும் இதில் ஆங்கிலத்தில் விளக்கப்படுகின்றன என்றும், அம்மொழியை ஐரோப்பியர் பொதுவாக மலபார் மொழி என்று அழைக்கிறார்கள் என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். தாளைப் புரட்டினால் உள்ளே இருப்பவை தமிழ் எழுத்துகள், தமிழ்ச் சொற்கள். ஒரு சொல் தன் காலத்தில் என்ன பொருள் தந்தது என்பதற்கு, அந்தக் காலத்தவரே அச்சில் எழுதிவைத்த வரையறையைவிடத் தெளிவான சான்று வேறெதுவும் வேண்டியதில்லை.

பிறப்பும் பயணமும்

அகராதிகள் தரும் ஆண்டுகளை வரிசையாக எழுதிக்கொண்டால் சொல்லின் பயணம் தெரியவரும். ‘மலபார்’ என்பதன் முற்பகுதி நம் ‘மலை’. பிற்பகுதி அரபு மொழியிலிருந்தா பாரசீகத்திலிருந்தா வந்தது என்பதில் அறிஞர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. அரபு நாட்டுப் புவியியலாளர்கள் மேற்குக் கரையை இப்பெயராலும் இதையொத்த பெயர்களாலும் குறித்தார்கள் என்பது உறுதி. 1498 இல் கோழிக்கோட்டில் இறங்கிய போர்த்துக்கேயர் அக்கரையின் மக்களையும் மொழியையும் இப்பெயராலேயே அறிந்தனர். பின்னர் தெற்கே சுற்றிக் கிழக்குக் கரைக்கு வந்தபோது, தாம் முன்னர் கேட்ட மொழிக்கு மிக நெருங்கிய மொழியொன்று பேசப்படுவதைக் கேட்டு, இரண்டையும் ஒன்றாகக் கொண்டு ஒரே பெயரை இட்டார்கள். கால்டுவெல் தம் ஒப்பிலக்கண நூலில் தரும் விளக்கம் இதுவே.

1578 இல் கொல்லத்தில் அச்சிடப்பட்ட, அன்றிக் அடிகளார் மொழிபெயர்த்த ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறு பக்கச் சிறுநூல். தமிழ் எழுத்துகளில் அச்சான அந்நூலின் போர்த்துக்கேயத் தலைப்பு, மொழியின் பெயரை ‘மலவார் தமுல்’ என்று இரு சொற்களையும் அடுத்தடுத்து வைத்துத் தருகிறது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய ஒல்லாந்தப் பாதிரியார் பல்தேயஸ் 1672 இல் வெளியிட்ட நூலில் ‘மலபார் மொழி’ என்று அறிமுகம் செய்வது தமிழையே. ஆனால் அதே நூலின் பெயரில் ‘மலபார்’ என்று வருவது கேரளக் கரை. இதனை நன்றாக மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்: ஒருவரே, ஒரே நூலில், கரையைச் சொல்லும்போது ஒரு பொருளிலும் மொழியைச் சொல்லும்போது வேறொரு பொருளிலும் இச்சொல்லைக் கையாண்டிருக்கிறார்.

பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பாருங்கள்

இந்த முறையில் மிகப் பயன்தரும் படி எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஒரு மக்கட்பெயரின் பொருள் பெரும்பாலும் அது எந்தப் பெயர்களோடு சேர்த்து எண்ணப்படுகிறது, எந்தப் பெயருக்கு எதிரே நிறுத்தப்படுகிறது என்பதிலிருந்து புலப்படும். இலங்கை பற்றிய பழைய ஆங்கில நூல்களில் ‘சிங்களவர், மலபார்கள், மூர்கள்’ என்ற வரிசை வந்தால், அங்கே மலபார் என்பவர் தமிழர், மூர் என்பவர் சோனகர், அதாவது முஸ்லிம்கள், எனக் கொள்ளலாம். ‘கொச்சி’, ‘கோழிக்கோடு’, ‘மிளகு’ ஆகிய சொற்களோடு சேர்ந்து வந்தால், அது கரையின் பெயராக இருக்க வாய்ப்பு மிகுதி. ஒல்லாந்தக் கம்பனி 1663 இல் கொச்சியைப் பிடித்து, மலபார் என்ற பெயரிலேயே அங்கு ஒரு நிர்வாகப் பிரிவை நடத்தியது என்பதையும் மறக்கலாகாது.

திருகோணமலையை அடுத்த நம் கொட்டியாற்றுக் குடாவோடு தொடர்புடைய சான்று ஒன்று இதற்கு மிகப் பொருத்தமானது. புயலில் பாய்மரம் சேதமடைந்த ‘ஆன்’ என்ற கப்பலைச் செப்பனிட வந்து, 1660 இல் தந்தையோடும் கப்பலாட்கள் சிலரோடும் கண்டி மன்னனின் ஆட்களால் பிடிக்கப்பட்ட ரொபர்ட் நொக்ஸ், பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் தப்பியோடி, 1681 இல் இலண்டனில் தம் நூலை வெளியிட்டார். தப்பிச்செல்லும் வழியில் அனுராதபுரத்துச் சமவெளியை அடைந்தபோது அங்கிருந்த மக்களை அவர் மலபார்கள் என்கிறார். அவர்கள் கண்டி மன்னனின் குடிகளே என்றாலும், தாம் பேசிய சிங்களம் அவர்களுக்கு விளங்கவில்லை என்றும் எழுதுகிறார். ஒல்லாந்தருக்கும் கண்டிக்கும் அடங்காத வன்னித் தலைவன் ஒருவனின் நாட்டையும் அவர் மலபார்களின் நாடு என்றே குறிக்கிறார். நொக்ஸ் பிறப்பிடத்தை ஆராய்ந்து பெயரிட்டவர் அல்லர். மொழியைக் கேட்டுப் பெயரிட்டவர். மூதூரில் நொக்ஸின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் புளியமரத்தடியைப் பார்க்க மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், இந்தப் பகுதியையும் அவர்களுக்கு வாசித்துக் காட்டினால் பெரிதும் பயன்படும்.

பக்கத்துச் சொல்லைப் பார்க்கும் இந்தப் பழக்கம் நம்மை எதிர்ப்பக்கத் தவறிலிருந்தும் காக்கும். மலபார் என்று கண்ட இடமெல்லாம் தமிழர் என்று போட்டுவிட முடியாது. 1815 மார்ச் 2 இல் கைச்சாத்தான கண்டி உடன்படிக்கை, ‘மலபார்’ இனத்தாரின் அரசுரிமை ஒழிக்கப்பட்டது என்கிறது. அங்கே குறிக்கப்படுபவர்கள் 1739 முதல் கண்டியை ஆண்ட நாயக்க வம்சத்தார்; மதுரை நாயக்கரோடு உறவுடைய, தெலுங்கு வழியினர். தமிழ் வழக்கில் அவர்களுக்கு ‘வடுகர்’ என்ற தனிப்பெயர் நெடுங்காலமாக இருந்தது. ஆங்கிலச் சொல்லோ அந்த வேறுபாட்டைக் காட்டாமல், தென்னிந்தியத் தொடர்புடையோர் அனைவரையும் தனக்குள் அடக்கிக்கொண்டது.

பிறர் எல்லோரையும் ஒரே பெயரால் அழைப்பது ஐரோப்பியருக்கு மட்டும் உரிய குணமும் அன்று. திருகோணமலையிலுள்ள பிரெடரிக் கோட்டையின் வாசல் நிலைக்கல்லில், இரட்டைக் கயலோடு செதுக்கப்பட்டிருக்கும் தமிழ் எழுத்துகளில், குளக்கோட்டன் பெயரை அடுத்துப் ‘பறங்கி’ என்ற சொல் வருகிறது. பிராங்கு என்ற ஐரோப்பிய இனத்தின் பெயர் அரபு, பாரசீக மொழிகளின் வழியே நம்மிடம் வந்து, முதலில் போர்த்துக்கேயரையும், பின்னர் பொதுவாக வெள்ளைக்காரரையும், இன்று மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழும் பறங்கியர் சமூகத்தையும் குறிக்கிறது. அச்சொல்லைக் கொண்டு, நம் பறங்கியர் அனைவரும் பிராங்கு நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று யாரும் வாதிடுவதில்லை. ‘மலபார்’ என்ற சொல்லுக்கும் அதே நீதி செய்யப்பட வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

எப்போது மறைந்தது, எங்கே எஞ்சியிருக்கிறது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வழக்கு ஆங்கிலத்தில் தேயத் தொடங்கியது. 1816 முதல் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிமார் ‘தமுல்’, ‘தமிழ்’ என்றே எழுதினர். 1859 இல் டெனன்ட் எழுதிய இலங்கை வரலாறு சோழர் படையெடுப்புகளை இன்னும் மலபார்களின் படையெடுப்பு என்றே கூறுகிறது. அதே ஆண்டில் சைமன் காசிச்செட்டி தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, அதன் பெயரில் ‘தமிழ்’ என்ற சொல்லே நின்றது. 1871 இன் குடிசன மதிப்பீட்டில் இனப்பெயர் தமிழர் என்றாகிவிட்டது. ஆகவே 1850 ஐ ஒட்டிய ஆவணமானால் இரண்டு சொற்களையும் எதிர்பார்த்துத் தேடுங்கள்.

இறந்துபோன இப்பொருள் ஓரிடத்தில் மட்டும் இன்னும் அதிகாரத்தோடு நிற்கிறது. 1706 இல் ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸ் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தின் வழமைகளைத் திசாவை (மாவட்ட நிர்வாக அதிகாரி) கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தார். பன்னிரண்டு முதலியார்கள் அதனைப் படித்துப் பார்த்து ஒப்பினர். ஆங்கிலேயர் 1806 இன் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலு அளித்தபோது, ‘யாழ்ப்பாண மாகாணத்து மலபார் குடிகளின்’ வழமைகள் என்றே எழுதினார்கள். அதுதான் இன்றும் தேசவழமை. அதனோடு தொடர்புடைய 1911 இன் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதே மக்களைத் ‘தமிழர்’ என்று குறிக்கிறது. ‘மலபார் குடிகள்’ என்ற தொடருக்கு நீதிமன்றங்களும் தமிழர் என்றே பொருள் கொண்டுவந்துள்ளன. ஒரு திருகோணமலைக் குடும்பத்தின் உறுதியில் (சொத்துப் பத்திரத்தில்) ‘மலபார்’ என்று இருப்பதை மட்டும் வைத்துத் தேசவழமை அக்குடும்பத்துக்குப் பொருந்தும் என்று நினைத்துவிடக் கூடாது. ஒழுங்குவிதி யாழ்ப்பாண மாகாணத்துக் குடிகளைப் பற்றியே பேசுகிறது. சொத்துரிமை பற்றிய கேள்வியானால் சட்டத்தரணியிடம்தான் செல்ல வேண்டும். ஆங்கிலத்துக்கு வெளியே, ரியூனியன் தீவில் தமிழ் வழியினரை இன்றும் ‘மல்பார்’ என்றே அழைக்கிறார்கள்.

முடிவை எழுதிவைக்கும் முறை

தேடல் முடிந்ததும் விளைவை ஆவணத்தின் படியோடு சேர்த்து ஒரு குறிப்பாக எழுதுங்கள். சான்றாக, 1820 அளவில் எழுதப்பட்ட ஓர் ஆங்கில உறுதியில், சாட்சி ஒருவர் ‘மலபார் எழுத்தில்’ கையொப்பமிட்டார் என்று இருப்பதாகக் கொள்வோம். கையொப்பத்தின் படி கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள்; கிடைத்து, அது தமிழ் எழுத்தாகவும் இருந்தால், எந்த அகராதியும் தராத நேரடிச் சான்று உங்கள் கையில் இருக்கிறது. குறிப்பை இவ்வாறு எழுதலாம்: “மலபார்: இங்கே தமிழ் எழுத்து என்று பொருள். காரணம்: கையொப்பம் தமிழில் உள்ளது, 1779 இன் அகராதி இவ்வழக்கை உறுதிசெய்கிறது, ஆவணத்தில் கேரளத்து ஊர்ப்பெயர் எதுவும் இல்லை.” கையொப்பம் கிடைக்கவில்லையானால் ‘பெரும்பாலும் தமிழ்’ என்று எழுதி, அந்தப் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லைப் பின்னர் எவரும் நீக்கிவிடாதபடி காரணத்தையும் பக்கத்திலேயே வையுங்கள்.

ஆவணத்தைத் தமிழில் பெயர்ப்பவர்கள் ‘மலையாளி’ என்று ஒருபோதும் போடக் கூடாது. நேரே ‘தமிழர்’ என்று மாற்றிவிட்டு மூலச் சொல்லை மறைப்பதும் முறையன்று. ‘மலபார்’ என்றே மேற்கோள் குறிக்குள் எழுதி, அடிக்குறிப்பில் பொருளைச் சொல்வதே நேர்மையான வழி. முன்னோரின் ஊர் எது என்ற கேள்விக்கு இச்சொல் ஒருபோதும் விடை தராது. அதற்குத் தோம்பு (ஒல்லாந்தர் காலக் காணி, குடிப் பதிவேடு), கோயில் கணக்கு, தேவாலயத் திருமணப் பதிவு, காணிப் பதிவகத்தின் பழைய பதிவுகள் ஆகியவற்றில் உள்ள ஊர்ப்பெயர்களைத்தான் தேட வேண்டும். கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தர் காலப் பதிவேடுகள் பாதுகாக்கப்படுகின்றன. அச்சில் வந்த ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் நூலகம் எண்ணிம நூலகத்தில் வீட்டிலிருந்தே படிக்கலாம். கொழும்புக்குப் புறப்படும் முன், உங்கள் ஆவணத்தின் ஆண்டையும், ஊர்ப்பெயர் அக்காலத்தில் எழுதப்பட்டிருக்கக்கூடிய எல்லா எழுத்துக்கூட்டல்களையும் ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். அங்கே கேட்கப்படும் முதற்கேள்விகள் அவையாகவே இருக்கும்.